அப்பாவுக்குப் பேச வராத வாரங்கள்

தேயிலை விலை விழுந்த வருசங்களில் எங்கள் எஸ்டேட்டில் முதலில் நின்றது புகை. ஃபேக்டரிப் புகைபோக்கி வெறும் குழாயாக மழையைக் குடித்துக்கொண்டிருந்தது. பிறகு கவ்வாத்து நின்றது. வெட்டாத செடிகள் ஆள் உயரத்துக்கு எழும்பி, தாங்கள் காட்டுமரம் என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டன. கடைசியில் வேலை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாள், அப்புறம் "சொல்லி அனுப்பறேன்" என்றார் கணக்குப்பிள்ளை. சொல்லி அனுப்பவில்லை.

கூடலூர்ப் பக்கத்து லயங்களிலிருந்து, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ஆட்கள் திங்கட்கிழமை விடியலில் ஜீப் ஏறினார்கள். எல்லை தாண்டி, கர்நாடகத்தில், இஞ்சி வயலில் வேலை. சனிக்கிழமை திரும்பலாம். அப்பாவுக்கும் எனக்கும் சேர்த்து அந்த ஜீப்பில் ஒன்றரை ஆள் இடம் கிடைத்தது. அம்மா போய் அஞ்சு வருசம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த ஒன்றரை ஆள் இடம் போனால் அடுப்பு எரியாது. விசயம் அவ்வளவுதான்.

நடுவில் சோதனைச் சாவடி. ஒரு தடுப்புக் கம்பம், ஒரு தகர அறை, பனியில் மஞ்சளாகக் கரைந்துகொண்டிருக்கும் ஒரு பல்பு. எங்க போறீங்க, எங்கருந்து வர்றீங்க, பையில என்ன. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. ஆறு நாள் அரிசிக்குள் யாரோ ஒருவர் கை முழங்கை வரை இறங்கி ஏறுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போயிற்று. அந்தச் சாவடிக்குச் சரியான பதில் இரண்டே சொல். இஞ்சி வேலைங்க. அதைச் சொல்லிவிட்டு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அது வராது. யாரும் சொல்லும் முன்பே இறங்குவார். பையைத் தரையில் வைத்துத் தானே திறந்துவிடுவார். துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார். தன் பேர், தகப்பன் பேர், பிறந்த தோட்டம், மேல் டிவிசன், அஞ்சாம் நம்பர் லயம், இலங்கையில் கப்பலேறிய துறை, மண்டபம் முகாமில் இருந்த நாள், கூடலூருக்கு வந்த லாரி. சொல்லச் சொல்ல, பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து பழைய குடும்ப அட்டை வெளியே வரும்.

காரணம் எனக்குத் தெரியும். தலைமன்னாரில் கப்பலுக்கு நின்ற வரிசையில் எனக்கு அஞ்சு வயது, அவர் இடுப்பில் இருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்றவர் ஏதோ ஒரு கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவரை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பெண்டாட்டியும் பிள்ளைகளும் கப்பலில் ஏறிவிட்டார்கள். கப்பல் கிளம்பும்போதும் அவர் ஓரமாகவே நின்றார். அப்பா அதன்பின் ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பாதிப் பதில் சொன்னதில்லை.

முதல் திங்கட்கிழமை, கப்பல் என்ற சொல்லில் காவலர் நிமிர்ந்தார்.

"சிலோனா? எல்லாரும் எறங்குங்க."

எல்லாரும் இறங்கினோம். எல்லார் பையும் கவிழ்ந்தது. மிளகாய்த்தூள் பொட்டலம் உடைந்து கம்பளிகள் நெடியேறின. வயலுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது, அன்றைக்கு எல்லாருக்கும் அரைநாள் கூலிதான். ஆட்களைச் சேர்க்கும் மேஸ்திரி சாயங்காலம் என்னிடம் வந்து, பீடியை அணைத்துவிட்டு, தணிவாகத்தான் சொன்னார்.

"உங்கப்பன் நல்ல மனுசன். அடுத்த திங்கக்கிழமை அந்த நல்ல மனுசன் வாயத் தொறந்தா, ரெண்டு பேரும் எறங்கிக்கங்க."

அடுத்த திங்கட்கிழமை ஜீப்பில் அப்பாவின் காதருகே கெஞ்சினேன். "ஒண்ணும் பேசாதீங்கப்பா."

"கேட்டா சொல்லித்தானே ஆகணும்?"

சாவடியில் ஆள் மாறியிருந்தது. காதைச் சுற்றி மப்ளர் கட்டிய புதுக் காவலர் ஜீப்புக்குள் தலையை நீட்டினார். அவர் பார்வை பன்னிரண்டு முகங்களைத் தாண்டி அப்பாவின் முகத்தில் போய் நின்றது.

"பெரியவரே, எங்கிருந்து வர்றீங்க?"

அப்பாவின் உதடு பிரிந்தது. மேஸ்திரியின் முதுகு நிமிர்ந்தது. நான் முந்திக்கொண்டேன்.

"அவருக்குப் பேச வராதுங்க."

"ஊமையா?"

"ஆமாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. உதட்டை மெல்ல மூடிக்கொண்டார். கம்பம் எழும்பியது.

வயல் கொட்டகையில் அன்றிரவும் மறுநாளும் அவர் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "கொழம்புல உப்பு கூட" என்றார். அவ்வளவு.

அதிலிருந்து வாரத்துக்கு இருமுறை என் அப்பா ஊமை. மப்ளர் காவலர் இரக்கமுள்ளவர், அதுதான் கஷ்டம். அப்பாவுக்குக் காதும் கேட்காது என்று தானாக முடிவு செய்துகொண்டு, கத்திக் கத்தி, கையை ஆட்டிப் பேசுவார். சோறு தின்பது மாதிரி விரலைக் குவித்து வாய்க்கருகே கொண்டுபோய், "சாப்ட்டாச்சா?" அப்பா தலையாட்டுவார். தலைமன்னாரில் ஆட்டக்கூடாது என்று கற்றுக்கொண்ட தலை. மற்றவர்கள் பை கவிழும் நேரத்தில் அப்பாவைத் தகர அறைக்குள் நெருப்புச் சட்டிப் பக்கம் உட்கார வைப்பார். அவர் பையை மட்டும் தொடவே மாட்டார். ஜீப்பிலும் பேர் மாறிவிட்டது. "ஊமையா, தள்ளி உக்காருய்யா" என்பார்கள், அப்பாவும் தள்ளி உட்காருவார். நானும் சிரிக்கிறவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்து வைத்தேன். எல்லாரும் களைத்திருந்தோம். களைப்புக்கு வெட்கம் குறைவு.

தொடாத பை எத்தனை நாள் சும்மா இருக்கும்? அந்தப் பக்கம் பாக்கெட் சாராயம் கடையில் விற்கும், இந்தப் பக்கம் கூடாது. மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, அப்பா கைகால் கழுவப் போனபோது மேஸ்திரி அப்பாவின் கம்பளியை விரித்து, பாக்கெட்டுகளை அடுக்கி, திரும்பச் சுருட்டி வைத்தார். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். நான் ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படித்தான், சாவடி தாண்டியதும் வழியில் எடுத்துக்கொள்வார்கள். அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்தேன். தன் கம்பளியின் கனம் தெரியாத மனிதர் உண்டா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, தூறல். சாவடியில் ஜீப் நின்றது. காவலர் வழக்கம்போல் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். அப்பா இறங்கினார். நெருப்புப் பக்கம் போகவில்லை. பையை ஈரத்தரையில் வைத்தார், திறந்தார், கம்பளியை உதறினார். பாக்கெட்டுகள் சேற்றில் விழுந்தன. துண்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். தன் பேர், தகப்பன் பேர், பிறந்த தோட்டம், மேல் டிவிசன், அஞ்சாம் நம்பர் லயம். ஒன்றையும் விடவில்லை. இத்தனை வாரத்துக்கும் சேர்த்து நிதானமாகச் சொன்னார்.

"பை என்னுதுங்க. கம்பளியும் என்னுது. உள்ள இருந்தது என்னுது இல்லீங்க."

"யாருது?"

"வெச்சத நான் பார்க்கலீங்க."

அது உண்மை. பார்த்தவன் நான். காவலர் என் பக்கம் திரும்பவில்லை, அதற்கு இன்றுவரை அவருக்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. பாக்கெட்டுகளைக் குத்திச் சாக்கடையில் ஊற்றினார். நெடி பனியில் தங்கியது. பிறகு மப்ளரை அவிழ்த்து, அடிபட்ட மாதிரி கேட்டார்.

"ஏனுங்க பெரியவரே, இத்தனை நாள் ஏன் பேசல?"

அப்பா அவசரப்படவில்லை. "மகன் பேசிக்கிட்டிருந்தானுங்க" என்றார்.

ஜீப் கிளம்பியது. எங்களை விட்டுவிட்டுத்தான். யாரும் திட்டவில்லை, மேஸ்திரி எங்கள் கம்பளியை ஒழுங்காக மடித்துச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனார். காவலர் கைகாட்டி நிறுத்திய பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். வழி முழுக்க நான் அப்பாவுக்கு முதுகைக் காட்டியபடி நின்றேன்.

திங்கட்கிழமை விடியலில் ஜீப் எங்கள் லயத்தடியில் ஹார்ன் அடிக்காமல் இறங்கிப் போனது. அப்பா அதற்கு முன்பே எழுந்து, நேற்றே பறித்துவந்த காட்டுக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் வாசல்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா நின்றார்.

"என்ன தம்பி, வேலைக்குப் போகலியா?"

நான் சும்மா இருந்தேன். அவர் இன்னொரு தரம் கேட்டார். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது, கீரை ஆயும் கை நிற்காமல்.

"அவனுக்குப் பேச வராது, தாயி."