எடை போட்ட புழுதி

அந்த மார்க்கெட்டின் கார் நிறுத்தத்தைப் பதினோரு வருஷமாகப் பெருக்குகிறவளுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டாள். கட்டின புருஷன் "சாப்பாடு நல்லா இருக்கு" என்றால், இவருக்கு என்ன காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்ப்பாள். ஆனால் வேலையில் யாரும் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. புழுதி பறக்காமல் முதலில் தண்ணீர் தெளிப்பாள். ஓரக்கல்லை ஒட்டிக் கிடக்கும் கறுப்புப் புழுதியைக் குந்தி உட்கார்ந்து வழித்தெடுத்தால்தான் அவளுக்குப் பெருக்கின மாதிரி.

இப்படிப்பட்டவளிடம் வந்து மாட்டினாள் நகராட்சி ஆபீஸ் பெண். ஒருநாள் காலையில் தராசும் நோட்டுமாக வந்து நின்று, கூட்டி வைத்த குப்பையை நிறுத்து எழுதிக்கொண்டாள்.

"குப்பையைப் போய் யாராவது நிறுப்பாங்களா?"

"ஒரு ஆய்வுக்காக அக்கா. ரெண்டு வாரத்துக்குத்தான்."

அந்த 'அக்கா'வே உறுத்தியது. காரியம் இல்லாமல் எவள் உறவு கொண்டாடுவாள்?

வீட்டில் சொன்னதும் புருஷன் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். "பெருக்குற மிஷின் வாங்கப் போறாங்களாம். உன்னை அனுப்ப சாக்கு தேடுறாங்க, பார்த்துக்கோ."

நாலு நாள் பொறுத்தாள். யோசிக்க யோசிக்க விஷயம் விளங்கிவிட்டது. தினமும் பெருக்குகிற இடத்தில் இவ்வளவு கனம் வந்தால், நேற்று ஒழுங்காகப் பெருக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அதைத்தான் எழுதுகிறாள் கள்ளி! ஐந்தாம் நாள் அரைமணி முன்னதாகவே வந்தாள். கனமெல்லாம் கறுப்புப் புழுதியில்தான் என்பது அவளுக்குத் தெரியாதா? அதை மட்டும் தனியாக வழித்து, மூலையில் இருந்த மழைநீர்க் கால்வாயின் கம்பி மூடிக்குள் தள்ளிவிட்டாள். தராசுக்கு மிஞ்சியது சருகும் காகிதமும்தான். பத்து நாள் இந்தக் கூத்து நடந்தது. யாருகிட்ட என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் ஆபீஸ் பெண் தொங்கின முகத்தோடு வந்தாள்.

"தினமும் பெருக்குறது வீண்னு ஆபீஸ்ல சொல்றாங்க அக்கா. இவ்வளவு லேசா வந்தா வாரத்துக்கு ஒருநாள் போதுமாம். அதுக்கு வேற ஆளை அனுப்பிக்குவாங்களாம்."

"லேசா இருந்தா நல்லதுதானே?"

"இல்லக்கா. டயர் தேய்ஞ்ச ரப்பர், பிரேக் தேய்ஞ்ச பொடி, சிந்தின ஆயில் எல்லாம் அந்தக் கறுப்புப் புழுதியிலதான் இருக்கு. மழை பெஞ்சா கால்வாய் வழியா நேரா ஏரிக்குப் போயிடும். நம்ம குழாயிலயும் அந்தத் தண்ணிதானே வருது. நீங்க எவ்வளவு தடுக்குறீங்கன்னு காட்டத்தான் எடை போட்டேன். முதல் நாலு நாள் எட்டு கிலோ, ஒன்பது கிலோன்னு வந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சோ தெரியல."

அவள் கண் தானாக மூலையிலிருந்த கம்பி மூடிப் பக்கம் ஓடியது. கூடவே இன்னொரு சந்தேகமும் வந்தது. வாயைப் பிடுங்குகிறாளோ? ஒப்புக்கொண்டால் அதையும் எழுதி அனுப்பிவிடுவாளோ? பெண்ணின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. வானமோ இருட்டிக்கொண்டு வந்தது. பத்து நாள் புழுதியும் கால்வாய்க்குள் அப்படியே கிடந்தது.

"ஏ பொண்ணு, இங்க வா" என்று மூலைக்கு இழுத்துப்போய்க் கம்பி மூடியைத் தூக்கினாள். கீழே கன்னங்கரேலென்று ஒரு குவியல்.

"இதை யாருக்கா இங்க தள்ளினது?"

"நான்தான். வேற யாரு?" சொல்லும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அக்கா, இது தெரிஞ்சா இன்னிக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

முதல் தூறல் விழுந்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கிவிட்டாள்.

"அனுப்பட்டும். நீ கூடையைப் பிடி. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. எடையில மட்டும் ஒரு கிராம் குறைச்சே, அப்புறம் நான் சும்மா இருக்கமாட்டேன்."