கழற்றி வைத்த ஸ்டார்ட்டர்

சிதம்பரத்தில் நான் வாடகைக்கு வந்த மாடி வீட்டின் ஹாலில் ஒரு பழைய டியூப்லைட் இருந்தது. மேலே ஒட்டடை, ஓரம் கறுத்துப்போன குழல். சுவிட்சைப் போட்டால் நாலு தடவை கண்சிமிட்டிவிட்டுத்தான் எரியும், எரிந்த பிறகும் விடாமல் ஒரு ரீங்காரம். முதல் நாளே அதை அணைத்தேன். இனிமேல் என் வீட்டில் இந்த ஆஸ்பத்திரி வெளிச்சம் கிடையாது என்று வாய்விட்டுச் சொன்னேன். எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

அதற்கு முன் பதினோரு வருடம் ஒரு குடும்பத்தில் மருமகளாக இருந்தேன். அங்கே ஒரு தலையணை உறையைக்கூட என் இஷ்டத்துக்கு மாற்றியதில்லை. விவாகரத்து முடிந்து, ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை கிடைத்து, வடக்கு வீதியை ஒட்டிய சந்தில் இந்த வீட்டைப் பிடித்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் சொப்பு வைத்து விளையாடும் பிள்ளை மாதிரி ஆடினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடுகு நிறத்தில் கனமான ஜன்னல் திரை தைத்தேன். சோபாவுக்கு ஆறு குஷன், ஒன்றுக்கொன்று சேராத நிறத்தில், வேண்டுமென்றே. காலடியில் புசுபுசுவென்று ஒரு கார்ப்பெட். புத்தக அலமாரியில் சீரியல் லைட்டைச் சுற்றிவிட்டேன். நாற்காலிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விளக்கு. பாண்டிச்சேரியில் வாங்கி, அரசுப் பேருந்தில் மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அதன் தலையில் மூங்கில் கூடை, உள்ளே மஞ்சள் பல்ப். சாயங்காலம் வேலை விட்டு வந்து, அதை மட்டும் போட்டுவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிப்பேன். அப்பாடா என்று இருக்கும். பல வருடம் கழித்து முதுகு நாற்காலியில் முழுசாகச் சாய்ந்தது அங்கேதான்.

இரண்டாவது வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்பா கடலூரில் வயர்மேனாக இருந்தவர். திருப்பாப்புலியூரில் எங்கள் வீடு சின்னதுதான், ஆனால் அந்தத் தெருவிலேயே வெளிச்சமான வீடு. குளியலறையில்கூட டியூப்லைட். அரிசி டப்பா, பருப்பு டப்பா வரிசையில் ஸ்டார்ட்டருக்கும் ஒரு டப்பா இருக்கும். விரல் நீளத்துக்கு, தகர மூடி போட்ட அந்தக் குட்டிச் சாமானை, டியூப் மாட்டும் பட்டியில் சொருகித் திருகினால்தான் டியூப் எரியும். அப்பா ஸ்டூலில் நிற்க, கீழிருந்து அம்மா எடுத்துக் கொடுப்பாள்.

அம்மாவைத் தனியாக விட மனசில்லாமல் என்னோடு கூட்டி வந்தேன். அவள் இருந்துவிட வேண்டும், இந்த வீடு அவளுக்குப் பிடித்துப்போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. முதல் நாள் சாயங்காலம் எல்லா விளக்கையும் போட்டு, குஷனைத் தட்டி வைத்து, "எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

அம்மா நடு ஹாலில் நின்று மெதுவாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் பண்ணிருக்க பாப்பா. ஆனா வெளிச்சமே பத்தல. வெளக்கு வைக்கிற நேரத்துல வூடு இப்புடியா மங்கிக் கெடக்கும்? வயர்மேன் வூடு இருட்டா கெடக்குதுன்னு யாராச்சும் சொல்லப் போறாங்க."

"இது வயர்மேன் வூடு இல்லம்மா. என் வூடு."

என் வாய்க்கு எப்போதுமே பொறுமை கிடையாது. மறுநாளிலிருந்து அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கு டியூப்லைட்டைப் போட ஆரம்பித்தாள். போட்டதும் அதைப் பார்த்துக் கும்பிட்டு, இரண்டு உள்ளங்கையையும் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கடலூரில் சின்ன வயதிலிருந்து பார்த்ததுதான். விளக்கேற்றினால் கும்பிட வேண்டும், அது சுவிட்சைத் தட்டி ஏற்றிய விளக்காக இருந்தாலும். "டியூப்லைட் சாமி வந்துடுச்சா?" என்று நாங்கள் கிண்டல் பண்ணினால் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

எனக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. ஆறரைக்கு வேலை விட்டுச் சந்தில் திரும்பும்போதே என் ஜன்னலில் அந்த வெள்ளை வெளிச்சம் தெரியும், சுருக்கென்று கோபம் ஏறும். உள்ளே போனதும் முதல் வேலையாக அதை அணைப்பேன். நான் முகம் கழுவி வருவதற்குள் அம்மா போட்டிருப்பாள். நான் அணைப்பேன். அவளும் பிடிவாதக்காரி, நானும் அவள் பெண். பத்து நாள் இப்படியே போனது.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா குளிக்கப் போனாள். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றினேன். சமையலறையில் கரண்டி வைக்கும் டிராயரின் அடியில், ஜல்லடைக்குப் பின்னால் போட்டுவிட்டேன். வயர்மேன் மகளுக்கு இதைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டுமா?

சாயங்காலம் அம்மா சுவிட்சைப் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"பாப்பா, டியூப்பு போயிடிச்சி போலருக்கு."

"அப்டியா? பழசு தானம்மா. ஆளக் கூப்புடுறேன்."

ஆளைக் கூப்பிடவில்லை. நாளைக்கு என்றேன், இந்த வாரம் என்றேன். மூன்று தடவை கேட்டுவிட்டு அம்மா விட்டுவிட்டாள். கும்பிடுவதை மட்டும் விடவில்லை. இப்போது என் மூங்கில் கூடை விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். சீச்சீ, என்ன ஜெயிப்பு.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் இப்போது வரிசையாகச் சொல்ல முடிகிறது. அப்போது ஒன்றுகூட உறைக்கவில்லை. அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டாள், அதுவும் ஜன்னலோரம், திரையை முழுசாக விலக்கிவிட்டு. சாம்பார் ஊற்றினால் பாதி தட்டுக்கு வெளியே விழுந்தது. ஹாலில் நடக்கும்போது திரைத் துணியைக் கையால் வருடிக்கொண்டே போவாள், பிறகு சோபா முதுகு, பிறகு குஷன்கள், ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டே அதை ரசித்தேன். துணியின் மென்மை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அலுவலகத்தில் போய் இதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

அவள் வழி தடவிக்கொண்டு போயிருக்கிறாள்.

ஒரு சாயங்காலம் அம்மா டீ டம்ளரோடு வந்தாள். பக்கவாட்டில் நின்ற விளக்கின் மேல் அப்படியே மோதினாள். விளக்கு சாய்ந்து, பல்ப் உடைந்து, மூங்கில் கூடை நசுங்கி, கார்ப்பெட் முழுக்க டீ.

"கண்ண எங்கம்மா வச்சிருக்க? இவ்ளோ பெரிய லைட்டு நிக்கிறது தெரியல?"

"தெரியலடி" என்றாள் அம்மா. சின்னக் குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னாள். என் காதில் அது விழவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் நசுங்கிய கூடைதான். வேண்டுமென்றே செய்தாயா என்றும் கேட்டேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மா பையைக் கட்டிவிட்டாள். "வூடு பூட்டியே கெடக்குது பாப்பா. கரையான் வச்சிடும். நான் கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரேன்." நான் தடுத்தேன், ஆனால் ஒப்புக்குத்தான். கடலூர் பேருந்தில் ஏற்றிவிடும்போது அம்மா படியைத் தவறவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "பாத்து ஏறும்மா" என்று கண்டக்டர் கத்தினார். இந்தக் கூடைக்கு மறுபடியும் பாண்டிச்சேரி போக வேண்டுமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தினமும் போன் பண்ணினேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா. பொங்கலுக்குப் போனபோது பட்டப்பகலில் எல்லா அறையிலும் டியூப்லைட் எரிந்தது. "பகல்லயே எதுக்கும்மா இத்தன லைட்டு?" என்று ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு வந்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம்.

அதன் பிறகு மூன்று மாதத்தில் கடலூரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்.

"வாசல்ல நிறுத்தியிருந்த வண்டில மோதி உங்கம்மா வுழுந்துட்டாங்க. நெத்தியில லேசான அடிதான், பயப்படாத. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அவுங்களுக்குக் கண்ணு சரியாவே தெரியல. எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

கண் டாக்டர் என்னைவிடச் சின்னவர். நிதானமாகத்தான் விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் ஜாஸ்தியாகி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நடுவில் மட்டும் கொஞ்ச நாள் மிஞ்சியிருக்கும். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்ற மருந்து உண்டு, ஆனால் மிச்சமே கொஞ்சம்தான். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "மங்கலான வெளிச்சத்துல இவங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும். வீட்ல லைட் பத்தலன்னு சொல்லியிருப்பாங்களே?" என்று கேட்டார்.

நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா முந்திக்கொண்டாள்.

"இல்ல டாக்டரு. எங்க வூட்ல நல்ல வெளிச்சம். எம் பொண்ணு நெறைய லைட்டு போட்டு வச்சிருக்கா."

அன்றைக்கே சிதம்பரத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, கரண்டி டிராயரில் தேடி, ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைப் பழைய இடத்தில் மாட்டினேன். டியூப்லைட் நாலு தடவை சிமிட்டி எரிந்தது. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் இன்னும் பளிச்சென்று இரண்டு வாங்கி மாட்டினேன். கால் தடுக்கும் என்று கார்ப்பெட்டைச் சுருட்டிப் பரண் மேல் போட்டேன். சீரியல் லைட்டைப் பிய்த்தெறிந்தேன். புதுக்கூடை மாட்டியிருந்த விளக்கைச் சுவரோரம் தள்ளிப் பழைய புடவையால் மூடினேன். வீடு ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆனது. அந்த வெளிச்சம் முழுக்க வந்தும் அம்மா சுவரைத் தடவித்தான் நடந்தாள்.

மூன்று வேளை சொட்டு மருந்து போட்டேன், ஒரு வேளை தவறவில்லை. ஆனாலும் ஐப்பசி மழை வந்தபோது அந்த மிச்சமும் போய்விட்டது. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சில நாள் தெரிகிறது. சில நாள் அதுவும் தெரிவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், ஆறு மணி. நான் டியூப்லைட்டைப் போட்டேன். சுவிட்ச் சத்தம் வந்த பக்கம் அம்மா முகத்தைத் திருப்பிக் கும்பிட்டு, உள்ளங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அப்ப இந்த டியூப்பு கெட்டுப் போவல. நான்தான்..."

"ஸ்டார்ட்டரக் கழட்டி வச்சிட்ட" என்றாள் அம்மா.

நான் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தேன்.

"மாவு சலிக்க ஜல்லடையத் தேடுனேன். கையில வந்திச்சி. வயர்மேன் பொண்டாட்டிடி நான், தொட்டா தெரியாதா?"

"அப்புறம் ஏம்மா கேக்கல? என்னக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கலாமே."

"கேட்டிருந்தா மாட்டியிருப்ப. மாட்டிட்டு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவ." அம்மா என் தலையைத் தேடித் தொட்டாள். "அந்த லைட்டுக்கிட்ட உக்காந்து டீ குடிப்பல்ல, அப்ப எனக்கு உம் மூஞ்சி மட்டும் நல்லாத் தெரியும். சுத்தி ஒண்ணும் தெரியாது. மூஞ்சி மட்டும். பதினோரு வருசமா அழுது வீங்குன மூஞ்சியத்தான் பாத்தேன். இப்பதான் கொஞ்சம் நல்லாருக்கு, பாத்துக்குவோம்னு கெடந்தேன்."

நான் வாய்விட்டு அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் அழவிட்டாள்.

"போதும். வெளக்கு வச்ச நேரத்துல அழுவாத. எழுந்து அந்த மஞ்ச லைட்டப் போடு."

எழுந்து டியூப்லைட்டை அணைத்தேன். புடவையை உருவிவிட்டு விளக்கை நாற்காலிப் பக்கம் இழுத்துப் போட்டேன். கடுகு நிறத் திரையில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. வீடு பழையபடி அழகாக இருந்தது, அதைப் பார்க்கவே எனக்குக் கூசியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

"உக்காந்துட்டியா?"

"உக்காந்துட்டேம்மா."

"டீ?"

"குடிக்கிறேம்மா" என்றேன், வெறுங்கையோடு.

அம்மா சிரித்தாள். நான் அவளுக்கு இடது பக்கம் இருந்தேன். அவள் நேராகத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.