காத்திருந்த கை

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு முதலில் தொண்டை போகும் என்பார்கள். எனக்குத் தோள் போனது. ஆளுக்கு ஆள் குனிந்து, கையைப் பிடித்து ட போட வைத்து, ப போட வைத்து, வலது தோள் வலிக்காத நாளே இல்லை என்றாகிவிட்டது. அண்ணனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மெட்ரோ வேலைத் தூசியைத் தின்றுகொண்டு பூந்தமல்லி வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதியைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அந்த மாதிரி ஒரு வருஷத்தில்தான் அந்தப் பெண் என் வகுப்புக்கு வந்தாள். அட்டையைக் காட்டினால் படம், பட்டம் என்று பளிச்சென்று படிப்பாள். வீட்டுப்பாட நோட்டில் எழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் மட்டும் பென்சில் முனையைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். அழுகை இல்லை, அடம் இல்லை. யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல் காத்திருப்பாள். நான் போய் அவள் கைமேல் என் கையை வைத்தால் விரல்கள் வெந்த வெண்டைக்காயாகத் துவண்டுவிடும். இழுத்த பக்கம் வரும். விட்டால் நின்றுவிடும்.

வீட்டில் யாரோ கைபிடித்தே முழு நோட்டையும் எழுத வைக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. தொடக்கத்தில் கைபிடிப்பது எல்லாரும் செய்வதுதான், நானும் செய்வதுதான். ஆனால் பிடித்தவர் விடவும் வேண்டுமே. ஜூன் வந்தால் அவள் இரண்டாம் வகுப்பு. அங்கே சொல்வதெழுதுதல் உண்டு. அங்கேயும் இந்தக் கை இப்படியே நின்றால் ‘மந்தம்’ என்று ஒரு பெயர் ஒட்டிவிடும். ஒருமுறை ஒட்டினால் அது லேசில் உரியாது. எத்தனையோ பிள்ளைகளுக்கு அது ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கரையான்சாவடியில் லாரி பட்டறை ஒன்றில் மெக்கானிக். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நகக்கண்ணில் கிரீஸோடு வந்து நின்றார். நோட்டை விரித்துக் காட்டினேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“நாந்தான் டீச்சர் கைய புட்சி எழுத வெக்கிறேன். எய்த்து நல்லா கீதுல்ல?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உங்க எழுத்து. இனிமே கையைப் பிடிக்காதீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது.

“அவங்கம்மா கம்பெனிலேந்து வர்றதுக்கு ஒம்பது ஆயிடும் டீச்சர். நான் வேல முட்ச்சி வந்து, குளிச்சிட்டு குந்துனா மடில வந்து ஏறிக்கும். அந்த நேரம்தான் எனக்கும் அதுக்கும். அத்தயும் உடுன்றீங்களே.”

“மடியில உட்கார வேணாம்னு நான் சொன்னேனா? கையை விடுங்கன்னுதானே சொல்றேன்” என்றேன். குரல் எரிச்சலாகத்தான் வந்தது. பசி நேரம், தோள்வலி வேறு. அவர் போய்விட்டார்.

மனிதர் நான் சொன்னதை அப்படியே கேட்டார். மறுநாளிலிருந்து வீட்டுப்பாட நோட்டு வெறுமையாக வந்தது. வகுப்பிலும் ஒன்றும் நடக்கவில்லை. மணலில் எழுதச் சொன்னேன், புள்ளி வைத்துக் கொடுத்தேன், மிட்டாய் ஆசை காட்டினேன், கடைசியில் அதட்டியும் பார்த்தேன். ஒரு பாச்சாவும் பலிக்கவில்லை. அவள் பென்சிலை வைத்துக் காத்திருந்தாள். பொங்கல் லீவு முடிந்தும் காத்திருந்தாள். உன்னை நான் என்னதான் செய்வது என்று எனக்கு அலுத்துப்போனது.

ஒரு நாள் மத்தியானம் முடியாமல் அவள் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதிக் காட்டலாம் என்று பென்சிலைப் பிடித்து அவள் நோட்டின்மேல் கையை வைத்தேன். அதற்குமேல் கை அசையவில்லை. தோளிலிருந்து விரல்வரைக்கும் ஒரே குடைச்சல். அப்படியே கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் பார்த்தாள். பிறகு தன் சின்னக் கையை என் கைமேல் வைத்தாள். வழக்கம்போல என் கை நகரும் என்று காத்திருந்தாள். நகரவில்லை. இதை ஏதோ உத்தி என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு வலி. கொஞ்ச நேரம் கழித்து அவளே தள்ள ஆரம்பித்தாள். மேலிருந்து கீழே ஒரு தள்ளு, வலப்பக்கம் ஒரு தள்ளு. கோணல்மாணலாக ஒரு ட விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“டீச்சர், உங்களுக்கு எழுதவே வரல.”

பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதற்குக் கீழே தானே ஒரு ட போட்டாள். அதுவும் கோணல்தான். அடுத்தது போட்டாள். நான் மூச்சு விடவில்லை. ‘வெரிகுட்’ என்று வாயைத் திறந்தால் நின்றுவிடுவாளோ என்று பயம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் அவளை அழைத்துப்போக வந்த அப்பாவிடம் சொன்னேன். “மடியில உட்கார வைங்க. உங்க கை கீழே, அவ கை மேலே. நீங்க மட்டும் அசையாதீங்க.” தலையாட்டினார், பாதி நம்பிக்கையோடு.

ஏப்ரலில் ஒரு நாள் பள்ளி விட்டபிறகு அவர் வந்தபோது, அவள் கரும்பலகையில் ‘பட்டம்’ எழுதிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல், யாரும் பிடிக்காமல். பாருங்கள் என்று காட்டினேன். பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

“ஊட்லயும் எழுதுது டீச்சர். இப்ப கைய தொடவே உட மாட்டுது. தள்ளு நைனான்னு எறங்கிப்போய் தரைல குந்திக்கினு எழுதுது. இனிமே நான் இன்னா டீச்சர் பண்றது?” என்றார்.

கரும்பலகைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினேன்.

“பக்கத்துல உட்காருங்க.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. “கண்ணு, ம்-முக்குப் புள்ளி...” என்று ஆரம்பித்தார்.

“பேசாத நைனா. தப்பாயிடும்” என்றாள், திரும்பாமலேயே.

அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார்.