ஃப்ரீசர்ல இருந்த கும்மல் பாட்டில்

இளங்கோ அண்ணா போயிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில. ஆஃபீஸ் கிளம்ப ஷூ போட உக்காந்தவர் எழுந்திருக்கவே இல்ல... ஹார்ட் அட்டாக். ஐம்பத்திரண்டு வயசு.

பன்னெண்டு வருஷம் ஆஃபீஸ்ல எனக்குப் பக்கத்து சீட். நான் உக்காந்து அழணும். ஆனா கோவம்தான் பத்திக்கிட்டு வருது.

ஏன்னா நம்ம மான்மவுத் ஜங்ஷன் தமிழ்ச் சங்க வாட்ஸப் குரூப்ல ஒரு புண்ணியவான் எழுதியிருக்கார், "பாவம், குடி ஜாஸ்தி"ன்னு. அதுக்குக் கீழ வரிசையா கைகூப்பற எமோஜி வேற.

குடியா? என்ன குடிச்சார், எவ்வளவு குடிச்சார்னு தெரியுமாய்யா உங்களுக்கு?

அது பேரு கும்மல். சீமைச் சோம்பு போட்ட ஜெர்மன் லிக்கர், ஜீராப் பாகு மாதிரி இனிக்கும். எங்க பழைய டீம்ல ஒரு ஜெர்மன்காரர் இருந்தார், அவர்கிட்டேருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். சனிக்கிழமை மதியம், நல்லா சாப்பிட்டு முடிச்சப்புறம், ஃப்ரீசர்லேருந்து எடுத்து கட்டைவிரல் உயர கிளாஸ்ல ஒண்ணே ஒண்ணு. அவ்ளோதான்.

முதல் தடவை அவர் வீட்டுக்கு, ஆளுக்கொரு ஐட்டம் சமைச்சு எடுத்துட்டுப் போற பாட்லக்குக்குப் போனப்ப, பிரியாணி முடிஞ்சதும் ஆம்பளைங்க எல்லாரும் கராஜுக்குப் போயிட்டாங்க. ஜனவரி குளிர்ல, ஜாக்கெட்டோட, காபி கப்புல விஸ்கி! பசங்க பாக்கக்கூடாதாம்.

அண்ணா பொண்ணு சத்தமா கேட்டா, "ஒய் ஆர் ஆல் தி அங்கிள்ஸ் ஹைடிங்?"

அண்ணா மட்டும் டைனிங் டேபிள்ல பாட்டிலை வெச்சார். முதல் கிளாஸ் சுமதி அக்காவுக்கு, அவர் வைஃபுக்கு. அடுத்தது எனக்கு.

மோந்து பாத்துட்டு, "அண்ணா, இது கைக்குழந்தைக்குக் குடுக்கற கிரைப் வாட்டர்!"னு கத்திட்டேன். "அப்ப ஏப்பம் வரும், பயப்படாதீங்க"ன்னார்... சிரிச்சு சிரிச்சு எனக்குப் புரையேறிடுச்சு.

இன்னொரு தடவை நான் ரெண்டாவது கிளாஸ் கேட்டேன். மூடியைத் திருகி மூடிட்டார். "ரெண்டாவது ஊத்தினா அது மருந்தும் இல்ல, விருந்தும் இல்ல"ன்னார். இவரையா குடிகாரன்னு சொல்றீங்க?

சரி, புதன்கிழமைக்கு வர்றேன். அண்ணா வீடு பூரா கூட்டம். சங்கத்து அங்கிள் ஒருத்தர் ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தார். கராஜ்ல மூணு ரவுண்டு போடற அதே அங்கிள்!

"ஐயர் வர்ற நேரம்மா. நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க? அந்தக் கருமத்தைக் கொட்டிடும்மா"ன்னு பாட்டிலை என் கையில திணிச்சார்.

நான் கொட்டினேன். ஆமா, நான்தான். இவ்ளோ வாய் பேசற நானேதான். சிங்க்ல ஊத்தி, தண்ணியைத் திறந்துவிட்டு, பாட்டிலை ரீசைக்கிள் டப்பாவுக்கு அடியில மறைச்சேன்.

சாயங்காலம் அக்கா வந்து ஃப்ரீசரைத் திறந்து நின்னாங்க.

"கரெக்டா ரெண்டு கிளாஸ் மிச்சம் இருந்துச்சுடி. இந்த சனிக்கிழமைக்கு வெச்சிருந்தோம்."

அப்புறம் சொன்னாங்க, "கிளாஸைத் தூக்கினா எதிர்ல இருக்கறவங்க கண்ணைப் பாத்துதான் குடிக்கணுமாம், அதான் அதுக்கு மரியாதையாம். வாரம் பூரா லேப்டாப்பையே பாக்கற மனுஷன்... அந்த ஒரு நிமிஷம் என்னைத்தான் பாப்பார்."

"நீ பாத்தியாடி அந்த பாட்டிலை?"

"இல்லக்கா"ன்னுட்டேன்.

அங்கிள், இந்தப் பதிவை நீங்க படிப்பீங்க. கைகூப்பற எமோஜி எதுவும் போட்டுடாதீங்க, பட்டுனு பிளாக் பண்ணிடுவேன். உங்க மேல இருக்கற கோவத்தைவிட என் மேல இருக்கறது ஜாஸ்தி.

அக்கா, நீங்களும் படிப்பீங்க. நான்தான் கொட்டினேன். பொய் சொன்னேன். நாளைக்கு சனிக்கிழமை, மதியம் வர்றேன்... கதவைத் திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம்.

போயிட்டு வாங்கண்ணா.