முன்னூற்று எழுபத்திரண்டு வகுத்தல்கள்

சனிக்கிழமை காலை, ஈப்போவில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் நிலையத்தில், என் இடப்பக்கத்து நாற்காலிக்குத் தாதி புது விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார். "சந்திரண்ணே நேத்து தவறிட்டாரு அக்கா" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இன்னும் பத்தொன்பது வகுத்தல் கிடக்கும்போது போவதாவது!

எங்கள் புந்தோங் வட்டாரத்தில் அவரை லாரி ஓட்டிய 'லாரிச் சந்திர'னாக மட்டும் அறிந்தவர்களுக்கு இது விளங்காது. முப்பத்தோர் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2147483647 வரும். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது. அதைத் தம் கையாலேயே வகுத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. நான் கைப்பேசியைத் தட்டி ஒரு நொடியில் விடையைக் காட்டினேன். "அதுக்குத் தெரிஞ்சிருச்சு, சரி. எனக்கு இன்னும் சந்தேகமா இருக்குலா தங்கச்சி" என்றார்.

வர்க்கமூலமான நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரை வகுத்தால் போதும். அதிலும் 248ஆல் வகுக்கும்போது ஒன்றோ அறுபத்துமூன்றோ மீதி வரும் எண்கள்தாம் இதற்கு வகுத்தியாக முடியும். ஏதோ பழைய புத்தகத்தில் படித்தாராம். வரிசையின் முதல் எண்ணான அறுபத்துமூன்றை மட்டும் தள்ளிவிட்டால் மொத்தம் 372 எண்கள். அவருக்கு ஊசி இடக்கையில், எனக்கு வலக்கையில். அவர் எழுதுவார், நான் தாளைப் பிடித்துக்கொள்வேன். "நாலு நம்பர் லாட்டரியா அண்ணே? எனக்கும் சொல்லுங்க, எடுக்கிறேன்" என்பார் எதிர் நாற்காலி அக்கா. "எடுக்காதீங்க, இது யாருக்கும் பங்கு போகாத நம்பர்" என்பார் அண்ணன்.

ஒருநாள் மீதி பூஜ்யம் வந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போயிற்று. "கைப்பேசி பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?" என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கிழிச்சுப் போடுங்கண்ணே, விடைதான் தெரியுமே" என்றேன். தாளை என் பக்கம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனசு கேட்காமல் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன். நடுவில் ஓர் ஆறை இறக்காமல் விட்டிருந்தார். அரை மணிக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, அவர் எழுதுகிற கையில்தான் இறுகும். அப்போது பேனா நிற்கும். அந்த இடத்தில்தான் ஆறு விட்டுப்போயிருந்தது. அடுத்த முறை காட்டியதும் அவர் சிரித்த சிரிப்பில் அழுத்தம் ஏறிப்போய், இருவரும் தாதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

கருமாதியன்று அண்ணி, அண்ணன் வகுத்தல் போட்டுவந்த நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு அழுதார். நானும் அழுதேன். மிச்சமிருந்த பத்தொன்பதையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வகுத்தேன். இரண்டு இடத்தில் பிசகி, மறுபடியும் போட்டேன்.

போன ஞாயிறு கடைசியும் முடிந்தது. உலகத்துக்கு இது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. எனக்குத் தெரிந்து இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இந்த ஒரு நிச்சயத்தைத்தான். சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

அண்ணே, வகுபடலைண்ணே.