எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும்

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்குவதற்குள் அவர் மகள் கல்யாணம் வரைக்கும் விசாரித்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் திருச்சுழிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு தையல் கடைக்குள், ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தேன். பாதி நேரம் அது நானே போட்டுக்கொண்ட விதி. மீதி நேரம் பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அருப்புக்கோட்டையில், சேலைக்கு அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் எனக்கு வேலை. மிச்சம் விழுகிற அட்டையை வைத்து ஒரு ஆட்டம் செய்திருந்தேன். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, வெறும் பொட்டலில் ஓர் ஊரைக் கட்ட வேண்டும். புளியங்கொட்டையை உருட்டி, விழுகிற எண்ணிக்கைக்கு வீடு வைக்கலாம், கிணறு வெட்டலாம், ரோடு போடலாம். தனித்தனியாக ஜெயிப்பதெல்லாம் கிடையாது. ஊர் நின்றால் எல்லோருக்கும் ஜெயம், காலியானால் எல்லோருக்கும் தோல்வி. நடுவில் ஒரு கண்மாய். அதிலிருந்து தண்ணீர் விடும் மடைக்கு, ஆணியில் சுழலும் ஒரு வட்டத் தகடு. முறை வருகிறவர் அதைத் திருப்ப வேண்டும். திறந்தால் மடைக்குக் கீழே உள்ள வீடுகள் பிழைக்கும். மூடினால் அவற்றில் மூன்றை எடுத்துவிட வேண்டும்.

பட்டறையில் ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். கூட உட்கார்ந்து டீ குடிக்கிறவன் செய்ததை வேறு எப்படிச் சொல்வார்கள்? என்னை அறியாதவர்கள் ஆட வேண்டும், நான் ஒரு வார்த்தை விளக்கக் கூடாது, அப்போதுதான் எது புரியவில்லை என்பது தெரியும் என்று எனக்குப் பட்டது. அதைச் சொன்னதும், பட்டறையில் பசை துடைக்க வெட்டுத்துணி தரும் தையல்காரர் தன் கடைக்கு வரச் சொன்னார்.

அவர் கடை மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் இருந்தது. ஊரில் அவருடையது ஒன்றுதான் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டு தெருவுக்கும் அவர்தான் தைத்தார். அந்த வருஷம் இரண்டு தெருவும் பேசிக்கொள்வதில்லை. பக்கத்து ஊரில் ஒரு டீக்கடை எரிந்திருந்தது. யாருக்கு எந்த டீ கிளாஸ் என்பதில் ஆரம்பித்த சண்டை என்றார்கள். சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள், கடைக்காரர்தான் குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டார். கல்லெறிக்குப் பயந்து பஸ்களின் முன்கண்ணாடிக்குக் கம்பிவலை அடித்திருந்த காலம்.

திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் என் பெட்டியைத் தட்டி உள்ளே என்ன என்றார். ஒரு ஊர் இருக்கிறது என்றேன். "அப்ப ஊருக்கும் சேத்து டிக்கெட்டு எடுங்க" என்றார். சிரித்தேன். இறங்கி நடக்கும்போது சிரிப்பு இல்லை. கடை வாசலில் இரண்டு ஜோடி செருப்புகள், ஒன்று வலது ஓரத்தில், ஒன்று இடது ஓரத்தில்.

உள்ளே பாயில் மேலத்தெருக்காரர் ஒருவர், வயல்காரர். எதிரே கீழத்தெருக்காரர் ஒருவர், கொத்து வேலைக்குப் போகிறவர். இருவருமே தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்தவர்கள். தையல்காரர் வேண்டுமென்றே ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. ஊர் கட்டுற ஆட்டத்துக்கு ஒரு தெரு ஆளை மட்டும் கூப்பிட்டால் எப்படி என்று என் காதில் சொன்னார். அவரும் அவர் மனைவியும் ஆட உட்கார்ந்தார்கள். ஆடும் முறை எழுதிய தாளை, தேவைப்பட்டபோது பார்த்து, அந்த அம்மாவே வாசித்தார். நான் தையல் மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் எல்லாம் நான் எதிர்பார்த்த தடுமாற்றம்தான். நான் வரைந்த கிணற்றை வண்டிச் சக்கரம் என்று நினைத்தார்கள். ரோட்டை வாய்க்கால் என்றார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாசல் எங்கே என்று கொத்தனார் கேட்டதில் மேலத்தெருக்காரர்கூட லேசாகச் சிரித்தார். ஆனால் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் தையல்காரர் வழியாகவே போய் வந்தது. கொட்டையைக்கூடக் கையில் கொடுக்காமல் பாயில் வைத்து நகர்த்தினார்கள்.

கொத்தனார் தன் வீடுகளை மடைக்குக் கீழே வைத்திருந்தார். மேலத்தெருக்காரரின் முறை வந்தது. தகட்டை வலது பக்கம் திருப்பினார்.

தாளில் எழுதியபடி வலது பக்கம் திருப்பினால் மூடும். தையல்காரர் மனைவி அந்த வரியை அப்போதுதான் வாசித்தார். கொத்தனார் தன் வீடுகளில் மூன்றை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை, உள்ளங்கையில் வைத்து இறுக்கினார். அவர் கழுத்து நரம்பு புடைப்பது நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மேலத்தெருக்காரர் ஒன்றும் விளங்காதவர் போலத் தகட்டையே பார்த்தார். தையல்காரர் பாய் ஓரத்தில் கிடந்த பெரிய கத்தரிக்கோலைக் காலால் மெல்லத் தள்ளி மிஷினுக்கு அடியில் விட்டார். அந்தக் கடையும் ஓலைக்கூரைதான். எரிந்துபோன டீக்கடைதான் கண்முன் வந்தது.

அப்போது தையல்காரர் மனைவி ஒன்று கேட்டார். "அண்ணாச்சி, நீங்க இப்பத் தெறந்தீகளா, மூடுனீகளா?"

"தெறந்தேன் தாயி. பெறகு எதுக்குத் திருப்புறேன்?"

கொத்தனார் தையல்காரரைப் பார்த்துச் சொன்னார். "வலது பக்கம் திருப்புனா மூடும்லண்ணே. தெருக்கொழாய் அப்பிடித்தான இருக்கு."

"கண்மாய் மடையில வலது பக்கம் திருப்புனாத்தான் பலகை தூக்கும்" என்றார் மேலத்தெருக்காரர். "இது ஊருக்கே தெரியும்."

"மடைய நாங்க எங்க தொட்டோம்?"

கொத்தனார் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். வெளியே ஒரு சைக்கிள் வந்து, மெதுவாகி, போயிற்று. மெதுவானது எட்டிப் பார்க்கத்தானோ என்று வாசலைப் பார்த்தேன். டவுனில் குழாயைத் திருப்பி வளர்ந்த கை என்னுடையது. தகட்டைச் செய்யும்போது, வேறு மாதிரி பழகிய கை ஒன்று இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மேலத்தெருக்காரர் குனிந்து, ஒரு விரலால் தகட்டை இடது பக்கம் தள்ளினார். பிறகு நிமிர்ந்து கொத்தனாரையே நேராகப் பார்த்தார். "இப்பத் தெறந்திருக்கா?"

"ம்" என்றார் கொத்தனார்.

மேலத்தெருக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டு, சட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பொழுதாச்சு என்று எழுந்துபோனார். கொத்தனார் உடனே போகவில்லை. மற்றவர் தெருமுனை திரும்பியிருப்பார் என்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்புறம் கையை விரித்து மூன்று வீடுகளையும் பாயில் வைத்தார். அட்டை நசுங்கி, கூரை உள்ளே போயிருந்தது. "நசுங்கிருச்சு, கோவிச்சுக்கிடாதீக" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள்களில் திருச்சுழியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் போய்ப் பார்த்தேன். டிரைவரிடம் அந்த ஊரில் ஏதும் தகராறா என்று கேட்பேன். இல்லை என்றால், இன்னும் இல்லை என்பது போலத்தான் காதில் விழும். பட்டறையில் பசை கொதிக்கிற வாடை வந்தாலே எங்கோ கூரை கருகுகிற மாதிரி இருக்கும். அந்தப் பயத்திலேயே தகட்டைப் பிய்த்தெறிந்தேன். அந்த இடத்தில் ஒரு சின்னப் பலகையைச் சொருகினேன். தூக்கினால் அடியில் நீலம் தெரியும், இறக்கினால் மறையும். திருப்புவதற்கு ஒன்றுமில்லை.

ஒருநாள் மத்தியானம் தையல்காரர் பட்டறை வாசலில் வந்து நின்றார், நூல்கண்டு வாங்க வந்தாராம். கடை இருக்கா என்றுதான் முதலில் கேட்டேன். இருக்கு என்றார்.

"ரெண்டு பேரும் கடைக்கு வந்தாக. அந்தத் தகடச் சரி பண்ணியாச்சான்னு ரெண்டு பேருமே கேட்டாக. இவுக இருக்கப்ப அவுக கேக்கல. அவுக இருக்கப்ப இவுக கேக்கல."

புதுப் பலகையைக் காட்டினேன். தூக்கினார், இறக்கினார், மறுபடியும் தூக்கினார். இது புரியுது என்றார். அப்படியானால் எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். பலகையிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தார்.

"கொண்டாப்பா. ஆனா ஒரு நேரத்துக்கு ஒருத்தர வச்சுத்தான் ஆடணும்."

நாலு பேர் ஆடுகிற ஆட்டம் அது. அதை நான் சொல்லவில்லை. அவர் நூல்கண்டுப் பையை எடுத்துக்கொண்டு, இருட்டுமுன்னே ஊர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பஸ்ஸுக்கு வேகமாக நடந்தார்.