சுரண்டிப் போட்ட ரோடு

பழைய சேலையைத் துவைத்துக் கட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. பழைய ரோட்டைச் சுரண்டித் திரும்பப் போட்டால் மட்டும் தெருவே சண்டைக்கு வரும். ரோட்டு வேலையில் என்னைப்போல வதைபடும் சக ஜீவன்களுக்கு இது தெரியும்.

நான் ஒரு கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். ஏறிப்போன தார் அடுக்குகளை மெஷினால் சுரண்டி, பிளான்ட்டில் கொஞ்சம் புதுத் தாரும் ஜல்லியும் சேர்த்துச் சூடாக்கி, முன்பைவிடத் தாழ்வாக மறுபடி போடுவதுதான் எங்கள் வித்தை. மெஷினை வாங்கச் சொல்லி முதலாளியிடம் அடம்பிடித்தவள் நான்தான். துடியலூர்ப் பக்கம் ஒரே ஒரு தெருவை மாநகராட்சிக்காரர்கள் சோதனைக்குக் கொடுத்தார்கள். முதல் பெருமழைக்கு அது தாக்குப்பிடித்தால் சுற்றியுள்ள தெருக்களும் எங்களுக்கு. இல்லையென்றால் மெஷினை விற்க வேண்டியதுதான்; என் பேச்சையும் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் வரவேற்பு

சுரண்ட ஆரம்பித்ததுமே பழனிசாமி அண்ணன் வந்துவிட்டார். லேத் பட்டறைக்காரர், அந்தத் தெருவில் அவரைக் கேட்காமல் ஒரு கல்லும் நகராது. புது ரோடு என்றால் பழையதன் மேல் போடுவதுதானே என்றார். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் ரோடு மேட்டிலும் வீடுகள் பள்ளத்திலும் கிடக்கின்றன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்:

"எல்லாஞ் செரிங்க அம்மணி, இருந்த ரோட்டையும் பேத்துப்போட்டீங்களே, எங்க மேல அப்படி என்னங்க கோவம்?"

குப்பைக்கு வந்த கிராக்கி

சுரண்டியதை லாரியில் ஏற்றும்போது, இந்தக் குப்பையையா எங்கள் தெருவில் போடப்போகிறீர்கள் என்று அவரே மறுபடி வந்தார். சண்டை ஓய்ந்ததும் குரலைத் தாழ்த்தி, சூலூரில் தன் தோப்புக்குப் போகிற தடம் சேறாகிக் கிடக்கிறது, ரெண்டு லோடு தள்ளிவிட முடியுமா என்றார். ஒரு கூடைகூடக் கிடையாது என்றேன்.

"குப்பைன்னா தெருவுக்குப் போடறீங்க, நல்ல சரக்குன்னு நாங் கேட்டா இல்லைங்கறீங்க, இதென்னங்க ஞாயம்?"

வாசல் மேலே, ரோடு கீழே

அண்ணன் விவரமானவர். தடவைக்குத் தடவை ரோடு உயர்வதைப் பார்த்து, இனி வரப்போகிற ரோட்டுக்கும் சேர்த்தே வாசலைத் தூக்கிக் கட்டியிருந்தார். நாங்கள் வேலையை முடித்ததும் ஸ்கூட்டரை இறக்க வழியில்லாமல் கேட்டுக்குள்ளேயே நின்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மிச்சக் கலவையில் அவருக்கு ஒரு சரிவு போட்டுக் கொடுத்தோம்.

"ரோட்டை ஒசத்துவாங்கன்னு நம்பி ஊட்டைக் கட்டுனேனுங்க, நீங்க வந்து அந்த நம்பிக்கையவே கெடுத்துப்போட்டீங்க."

மழை

தெருவிலேயே பள்ளமான வீடு ஸ்டெல்லா டீச்சருடையது. மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குவார். அப்படியும் கூடத்துக்குள் தண்ணீர் வரும், பக்கெட்டால் இறைப்பார். ஒரு மத்தியானம் மேட்டுப்பாளையம் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. டீச்சர் கேட் முன்னால் நனைந்துகொண்டே நின்றேன். தண்ணீர் ரோட்டின் ஓரத்துக்கு ஓடிச் சாக்கடையில் விழுந்தது. டீச்சர் வீட்டுப் படியைத் தொடவில்லை. ரோட்டில் ஒரு ஜல்லி பெயரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அந்த மழையிலேயே கத்த வேண்டும்போல இருந்தது. டீச்சர் உள்ளே கூப்பிட்டு, தலை துவட்டத் துண்டு கொடுத்தார்.

"இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து மழைன்னா தண்ணி எறைக்கறதுக்கே பொழுது செரியாப் போயிரும், கண்ணு, இன்னைக்குத்தான் சும்மா நின்னு வேடிக்கை பாத்தேன்."

மற்ற தெருக்களும் எங்களுக்கே வந்துவிட்டன. ஊரில் எல்லாரும் எதையாவது உயர்த்திப் பெயர் வாங்குகிறார்கள், நான் இறக்கிப் பெயர் வாங்கினேன்.